கல் பார்க்கப் போன கோடைகள்

சென்ற மாதம் எங்கள் துறையிலிருந்து ரம்யா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் நாற்காலிக்கு வந்தவள் அவள். "மேடம், பொண்ணுங்களுக்கான சம்மர் புராஜெக்ட்டை இந்த வருஷத்தோட நிறுத்தறோம்" என்றாள். "ஏம்மா?" என்று பதறினேன். அவளே சிரித்துவிட்டாள்.

"பயப்படாதீங்க. பொது புராஜெக்ட்டுக்கு அப்ளை பண்ணினதுல பாதிக்கு மேல பொண்ணுங்கதான். அப்புறம் தனியா ஒண்ணு எதுக்குன்னு ரெண்டையும் சேத்துட்டோம். அது எப்படி ஆரம்பிச்சதுன்னு நீங்க ரெண்டு பக்கம் எழுதிக் கொடுங்க. ஆண்டு மலர்ல போடறோம்."

ரெண்டு பக்கத்தில் அடங்காது என்று அவளிடம் சொல்லவில்லை. எழுதினது வந்து சேரும்போது அவளே தெரிந்துகொள்ளட்டும்.

நான் பெங்களூர் லிங்கராஜபுரத்துப் பெண். எம்.எஸ்சி. ஜியாலஜி வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். களப்பயணம் போனால் பையன்கள் குன்றேறுவார்கள். என்னை ஜீப்பில் உட்காரவைத்து, அவர்கள் கொண்டுவரும் கற்களுக்குச் சீட்டு ஒட்டச் சொல்வார்கள். என் பாதுகாப்புக்காகத்தான் என்பார்கள். பட்டம் வாங்கிய நாளில், சொந்தக் கையால் ஒரு பாறையைக்கூட உடைத்துப் பார்க்காத ஜியாலஜிஸ்ட் நான். அதற்கப்புறம் பெங்களூரிலேயே ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் தொழில்நுட்ப அலுவலராக வேலை கிடைத்தது. பாறையை மெல்லிய சீவலாக அறுத்து, கண்ணாடியில் ஒட்டி, மைக்ராஸ்கோப்புக்குத் தயார் செய்யும் பிரிவு. பல வருடங்கள் அந்த அறையும் அறுக்கும் சக்கரத்தின் சத்தமுமாக ஓடின.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்களுக்குத் தலைவராக வந்தார் பேராசிரியர் ஹெக்டே. சிர்சிப் பக்கத்துக்காரர். ஒல்லி உடம்பு, கால்சட்டையின் அடிப்பாகம் எப்போதும் சாக்ஸுக்குள். வெளியில் எங்கே போனாலும், பாறையைப் பார்த்தால் முதலில் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அதன்மேல் ஊற்றுவார். ஈரப் பாறையில்தான் கோடும் நிறமும் தெரியும் என்பார். தண்ணீர் தீர்ந்துவிட்டால் நாக்கால் நக்கிவிடுவார். புதிதாக வரும் மாணவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ரெண்டாம் வாரத்தில் அவர்களும் நக்குவார்கள்.

அவரிடம் யார் என்ன கேட்டாலும் ஒரே கன்னட வார்த்தைதான் திரும்பி வரும்: "நோடிதியா?" பார்த்தாயா? "பார்க்கலை சார், புத்தகத்துல இருக்கு" என்றால், "ஆய்து", அதாவது சரி, "போய்ப் பார்த்துட்டு வா" என்று சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பார். கோபம் கிடையாது. குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. ஆனால் பார்க்காமல் அவரிடம் ரெண்டாவது தடவை போகத் துணிந்தவர்களும் இல்லை.

ஒரு நாள் கூட்டத்தில் அவர் சொன்னார்: நகரத்துக் கல்லூரிகளில் பி.எஸ்சி. படிக்கும் பெண்கள் சிலரைக் கோடை விடுமுறையில் இங்கே கொண்டுவரலாம், ஒவ்வொருத்திக்கும் ஒரு நிஜமான கேள்வியைக் கொடுக்கலாம், களத்துக்கு அனுப்பலாம், அவர்களே பதில் தேடட்டும். அறை முழுக்கத் தொண்டையைச் செருமியது. மூத்தவர் ஒருவர் தயங்கித் தயங்கிக் கேட்டார், "எல்லாம் சரி சார். வெட்ட வெளியில பொண்ணுங்களுக்கு... இந்த... பாத்ரூம் வசதி?"

ஹெக்டே என் பக்கம் திரும்பினார். "ஸ்டெல்லா, நீங்க என்ன செய்வீங்க?"

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ. "நாலு மூங்கில் கழி, ரெண்டு பழைய புடவை போதும் சார். இதுக்காகவா இத்தனை வருஷம் எங்களை ஜீப்புலயே உக்கார வெச்சீங்க?"

கூட்டம் சிரித்தது. கேட்டவரும் சிரித்தார். ஹெக்டே மட்டும் சிரிக்காமல், "ஆய்து. நீங்களே கூட்டிட்டுப் போங்க" என்றார். மூங்கிலும் புடவையுமாக என் வேலை அன்றைக்கு மாறியது.

முதல் வாரம் முழுக்க வளாகத்துக்குள்ளேயே பயிற்சி. சுத்தியலை எப்படிப் பிடிப்பது, வெயிலில் நிறம் மாறிய மேல்தோலை உடைத்து உள்ளே புதுமுகத்தை எப்படிப் பார்ப்பது, பூதக்கண்ணாடியைக் கண்ணோடு ஒட்டி வைத்துக்கொண்டு கல்லைக் கண்ணருகே கொண்டுவருவது. எல்லோருமே முதலில் தலைகீழாகத்தான் செய்வார்கள். கல்லைத் தரையில் வைத்து, கண்ணாடியைக் கையை நீட்டிப் பிடித்து, துப்பறிபவர்கள் மாதிரி குனிவார்கள். அப்புறம் காம்பஸ். பாறை எந்தத் திசையில் ஓடுகிறது, எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று அளக்க வேண்டும். கவிதா என்றொரு பெண்ணுக்கு மட்டும் அளவு சரியாகவே வராது. மற்றவர்களுக்கு வடக்காக இருப்பது அவளுக்கு வடகிழக்காக இருக்கும். அழுகிற நிலைக்கு வந்துவிட்டாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பார்த்தபோதுதான் புரிந்தது. அவள் அம்மா, தாவணிக்கும் சுடிதாருக்கும் அவசரத்துக்கு உதவும் என்று, வளையலில் ஒரு கொத்து ஸேஃப்டி பின்னைக் கோத்துவிட்டிருந்தார். காம்பஸ் முள் ஒவ்வொரு தடவையும் அந்தக் கொத்தைப் பார்த்தே திரும்பியிருக்கிறது. பின்களைக் கழற்றியதும் வடக்கு வடக்குக்கு வந்தது. கவிதா சிரித்த சிரிப்பில் மரத்தடியில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது.

ஆனாலும் எனக்கு ரொம்பப் பிடித்தது மைக்ராஸ்கோப் நாள்தான். தாங்களே அறுத்து, தாங்களே தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் அளவுக்கு மெலிதாக்கிய பாறைச் சீவலை முதன்முதலாக உள்ளே வைத்து எட்டிப் பார்ப்பார்கள். வெளியில் வெறும் கருங்கல்லாக இருந்தது உள்ளே மஞ்சளும் நீலமும் ரோஜாவுமாக எரியும். "ஐயோ மேடம், சிக்பேட் புடவைக் கடை!" என்று ஒருத்தி கத்தினாள். அடுத்தவள் இடித்துத் தள்ளிக்கொண்டு வந்து பார்ப்பாள். நான் கதவோரம் நின்று அந்த முகங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

வீடுகளிலிருந்து அனுமதி வாங்குவதுதான் இருப்பதிலேயே சிரமமான வேலை. வெயில், பாம்பு, ஊர்ப்பேச்சு என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு காரணம் இருக்கும். வீடு வீடாகப் போய் உட்கார்ந்து, காபி குடித்து, பேசிப் பேசியே பெரும்பாலும் சம்மதம் வாங்கிவிடுவேன். ஜெயந்தி வீட்டில் மட்டும் என் பேச்சு எடுபடவில்லை.

ஜெயந்தி மர்பி டவுன் பெண். அப்பா முனுசாமி தொழிற்சாலையில் ஃபிட்டர். அம்மா பாக்கியம் வீட்டிலேயே தையல் வேலை செய்பவர். நான் போனபோது முனுசாமி மரியாதையாக உட்காரவைத்தார், டீ வரவழைத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கடைசியில், "காலேஜுல ஏதோ சயின்ஸ் படிக்கறேன்னுதான் மேடம் சொல்லிச்சு. கல்லு படிப்புன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா சேத்தே இருக்க மாட்டேன்" என்றார்.

"ஏங்க?"

பாக்கியம்மாதான் சொன்னார். அவர்கள் கோலார்ப் பக்கத்துத் தங்கச் சுரங்க ஊரிலிருந்து வந்தவர்கள். முனுசாமியின் அண்ணன் ஒரு நாள் காலை வேலைக்கு உள்ளே போனார். உள்ளே பாறை சரிந்து அவர்மேல் இறங்கிவிட்டது. அப்பா இல்லாத வீட்டில் தம்பியை வளர்த்தவர் அந்த அண்ணன். அதற்கப்புறம் முனுசாமி அந்த ஊரில் இருக்கவில்லை. இனி தன் குடும்பத்தில் யாரும் பாறைக்குக் கீழே போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் பெங்களூருக்கு வந்தவர்.

ஊர்ப்பேச்சுக்குப் பயப்படுகிறவர்களிடம் வாதாடலாம். இவரிடம் என்ன வாதாடுவது? எழுந்துகொண்டேன். ஜெயந்தி வாசல் வரைக்கும் கூடவே வந்தாள். அப்போது பாக்கியம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்: "இன்னாய்யா இது, கொழந்த மூஞ்சியப் பாரு. நான் கூடப் போறேன். குழி கிழின்னு எதுனா இருந்துச்சுன்னா கையப் புடிச்சு இஸ்துகினு வந்துடறேன். சரியா?"

முனுசாமி மகளைப் பார்த்தார். "குழின்னா ஒடனே வந்துடணும்" என்றார்.

அந்த வருடம் ஹாரோஹள்ளியைத் தாண்டி ஒரு கிராமத்தில் முகாம். விடுமுறையில் மூடியிருந்த பள்ளிக்கூடத்தில் எங்களுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அந்தப் பக்கத்துப் பழைய பாறைகளில் எப்போதோ விழுந்த பிளவுகளுக்குள் பூமிக்கடியிலிருந்து பாறைக்குழம்பு ஏறி உறைந்து, கருப்புச் சுவர்கள் மாதிரி வயலுக்கும் குன்றுக்கும் குறுக்கே ஓடிக்கொண்டிருக்கும். டைக் என்போம். ஜெயந்திக்கு ஹெக்டே கொடுத்த கேள்வி ஒரு வரிதான். கிழக்கு மேற்காக ஒரு கருப்புச் சுவர் ஓடுகிறது. வடக்கு தெற்காக ஒன்று ஓடுகிறது. இதில் எது மூத்தது?

பாக்கியம்மா வந்த மறுநாளே முகாம் அவர் கைக்குப் போய்விட்டது. சமையலுக்கு வைத்திருந்தவருக்கு உப்பு போடத் தெரியவில்லை என்று சொல்லி அடுப்பை எடுத்துக்கொண்டார். மூங்கிலும் புடவையும் அவர் பொறுப்பு. வழியில் போகிற கிராமத்துப் பெண்கள், "இந்தப் பொண்ணுங்க என்னத்தைத் தேடறாங்க, தங்கமா?" என்று கேட்டால், "தங்கமெல்லாம் நாங்க பாத்தாச்சு, இவங்க கல்லுக்கு வயசு கேக்கறாங்க" என்று கன்னடத்தில் சொல்லிவிட்டு அவர்களோடு உட்கார்ந்து வெற்றிலை போடுவார். மத்தியான வெயிலில் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு மகள் பின்னாலேயே நடப்பார். பெண்கள் எல்லோருக்கும் அவர் ஆன்ட்டி. கல்யாணமாகி வந்ததிலிருந்து சொந்தக்காரர் வீட்டு விசேஷம் தவிர வேறெங்கும் போனதில்லை என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார். "இந்த மாதிரி காத்து வாங்கினதே இல்ல மேடம்."

ஜெயந்தி ரெண்டு சுவர்களையும் துரத்திக்கொண்டே நடந்தாள். கேள்விக்குப் பதில் அவை சந்திக்கும் இடத்தில்தான் இருக்கும். ஆனால் சந்திக்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் போகும்போதெல்லாம் மண் மூடிவிடும், இல்லை கேழ்வரகு வயல் வந்துவிடும். கடைசியில் ஒரு காலை நேரம் மூச்சிரைக்க ஓடி வந்தாள். "மேடம், கிடைச்சிடுச்சு! ரெண்டும் சேர்ற எடம் நல்லாத் தெரியுது. ஆனா..."

ஆனால் அது ஒரு கல்குவாரியின் அடியில் இருந்தது. மேலேயிருந்து பார்த்தால் எதிர்ச்சுவரில் அந்தக் கருப்புச் சிலுவை பளிச்சென்று தெரிந்தது. குவாரிக்காரரிடம் பேசினேன். ஊர்த் திருவிழாவுக்காக மூணு நாள் வெடி கிடையாது, ஆட்களும் இல்லை, தாராளமாக இறங்கிப் பாருங்கள் என்றார். ஆனால் திருவிழா முடிந்ததும் அந்தப் பக்கத்தைத்தான் உடைக்கப் போகிறார்களாம்.

பாக்கியம்மா குவாரி விளிம்பில் குடையோடு நின்றார்.

"மேடம், இது குழிதான?"

"குழிதான்மா."

"அப்ப நான் அவருக்குச் சொல்லணும்."

ஜெயந்தி அவர் கையைப் பிடித்தாள். "மா, மூணு நாள்தான். அப்புறம் சொல்லிக்கலாம் மா."

"அவரு என்னை நம்பி அனுப்பிக்கீறாரு. மறைச்சுட்டு நான் எப்படி அந்த மூஞ்சியப் பாக்கறது?" என்று சொல்லிவிட்டு, பஸ் நிறுத்தத்துப் பக்கத்திலிருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். பக்கத்து வீட்டுக்குப் போன் போட்டு முனுசாமியைக் கூப்பிடச் சொல்லிக் காத்திருந்தார். அந்தப் பக்கம் அவர் என்ன சொன்னார் என்பது கூண்டுக்கு வெளியே எனக்குக் கேட்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டது. இந்தப் பக்கம் பாக்கியம்மா சொன்னது நன்றாகக் கேட்டது. "கூட்டிகினு வரணும்தான், இல்லேன்னு சொல்லல. ஆனா நான் கூட்டிகினு வர மாட்டேன். நீ வா. வந்து நீயே பாரு. பாத்துட்டு வேணாம்னா நீயே அவகிட்ட சொல்லு. என்னால அவகிட்ட அதச் சொல்ல முடியாது."

மறுநாள் முதல் பஸ்ஸில் முனுசாமி வந்து இறங்கினார். சலவைச் சட்டை, கையில் ஒரு பை. நேராகக் குவாரிக்குக் கூட்டிப்போகச் சொன்னார். விளிம்பிலிருந்து தள்ளியே நின்றார்.

முந்தின இரவே ஹெக்டேயும் முகாமுக்கு வந்திருந்தார். நான் விஷயத்தைச் சொல்லியிருந்தேன். இவர் ஏதாவது பெரிய வார்த்தை பேசிக் காரியத்தைக் கெடுத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் முனுசாமி பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து முனுசாமியும் உட்கார்ந்தார்.

"சார், ஒண்ணே ஒண்ணு கேக்கறேன்" என்றார் முனுசாமி, கன்னடத்தில். "இது சரியுமா?"

"சரியும்" என்றார் ஹெக்டே. "எந்தப் பாறையும் சரியும். அந்த மூலையைப் பாருங்க, மேல விரிசல் விட்ட பாளம் தொங்குது. அதுக்குக் கீழ நானும் போக மாட்டேன், யாரையும் விட மாட்டேன். உங்க பொண்ணு பார்க்க வேண்டிய இடம் இந்தப் பக்கம். மேல ஒண்ணும் தொங்கலை, வண்டி இறங்கற அகலத்துக்குப் பாதை இருக்கு. விடிஞ்சதும் நான் போய் ஒவ்வொரு அடியா பார்த்துட்டேன். இப்ப உங்களோட மறுபடியும் இறங்கறேன். நீங்களும் பாருங்க. சரியில்லைன்னு உங்களுக்குத் தோணினா எல்லாரும் மேல வந்துடுவோம். இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமலே போனாலும் பரவாயில்லை."

முனுசாமி எழுந்திருக்க நேரம் பிடித்தது. ஹெக்டே தன் தலைக்கவசத்தைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். தான் இன்னொன்றை வாங்கிப் போட்டுக்கொண்டார். ரெண்டு பேரும் முன்னால் நடந்தார்கள். பாதையில் நாலைந்து தடவை முனுசாமி நின்றார். நின்ற இடத்திலெல்லாம் ஹெக்டேயும் நின்றார். வா என்று கூப்பிடவில்லை. கீழே போனதும் முனுசாமி அண்ணாந்து சுவர் முழுவதையும் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் வரைக்கும் பார்த்தார். அப்புறம் மேலே திரும்பி, "ஜெயந்தி, எறங்கி வா. பாத்து வா" என்று கத்தினார்.

அந்தக் குரலைக் கேட்டதும் என் பக்கத்தில் நின்றிருந்த பாக்கியம்மா குடையைக் கீழே போட்டுவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

அவளோடு நாங்களும் இறங்கினோம். ஜெயந்தி சுவரை ஒட்டி உட்கார்ந்து தண்ணீரை ஊற்றினாள். பூதக்கண்ணாடியில் ஓரத்தைப் பார்த்தாள், நடுவைப் பார்த்தாள், மறுபடி ஓரத்துக்கு வந்தாள். நான் மனசுக்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தேன். திடீரென்று அவள் திரும்பி, பேராசிரியரை விட்டுவிட்டு, அப்பாவைத்தான் கூப்பிட்டாள்.

"பா, இங்க வா. இந்தக் கண்ணாடியக் கண்ணுல வெச்சுக்கோ. நடுவுல பாரு, பொடிப்பொடியா மணி தெரியுதா? இப்ப ஓரத்துல பாரு. மணியே தெரியல, மாவு மாதிரி இருக்குல்ல? சூடா வந்த குழம்பு, ஏற்கெனவே ஆறிக் கெடந்த கல்லத் தொட்டதும் சட்டுனு எறுகிடுச்சு. அதான் மாவு. இந்த வடக்கு தெற்கு இருக்குதே, இதோட மாவு ஓரம் அந்தக் கிழக்கு மேற்கு வழியா அறுத்துகினு நேரா அந்தாண்ட வரைக்கும் போவுது. அப்ப எது மொதல்ல வந்திருக்கும்?"

முனுசாமி கண்ணாடியோடு ரொம்ப நேரம் குனிந்திருந்தார். விரலால் அந்த ஓரத்தைத் தடவினார். "கிழக்கு மேற்குதான் பெரியவன். இது பின்னால வந்தது" என்றார்.

"அதேதான் பா!"

"நீயே பாத்தியா இத?"

"நானேதான் பாத்தேன்."

அவர் நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது, முகம் மலர்ந்திருந்தது. "எங்க அண்ணன் அத்தினி வருஷம் கல்லுக்குள்ளயே இருந்தான் மேடம். கல்லு எங்கேர்ந்து வருதுன்னு அவனுக்கு யாரும் சொல்லல. இருந்திருந்தா இத ஒக்காந்து கேட்டுகினே இருந்திருப்பான்" என்றார். அப்புறம் ஹெக்டேயிடம் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ஹெக்டேக்கு அந்த மாதிரி நேரத்தில் என்ன செய்வது என்று தெரியாது. "ஆய்து, ஆய்து" என்று சொல்லிக்கொண்டே நின்றார்.

முனுசாமி அன்று ஊருக்குத் திரும்பவில்லை. அடுத்த நாளும் இருந்து, மாதிரிக் கற்களை மேலே சுமந்து வந்தார். திருவிழா முடிந்து, குவாரியில் வெடி வைத்த சத்தம் கேட்டபோது நாங்கள் பள்ளிக்கூடத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தோம். ஜெயந்தி காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளுக்கு வேண்டியது எல்லாம் பைகளில் இருந்தது.

கோடை முடிவில் மாணவிகள் எல்லோரும் துறையினர் முன்னால் பேச வேண்டும். ஜெயந்தி பேசும்போது ஒருவர், சுவர் ரெண்டும் ஒரே காலத்தில் வந்திருக்கக் கூடாதா என்று மடக்கினார். அவள் வாயைத் திறப்பதற்குள் கடைசி வரிசையிலிருந்து பாக்கியம்மா எழுந்து, "அது எப்படி சார் வரும்? ஒண்ணு ஆறிக் கெடந்தாத்தான மத்ததுக்கு ஓரம் மாவாவும்!" என்றார். முகாமில் அதை எத்தனை தடவை கேட்டிருப்பாரோ. அறையே கைதட்டியது. கேட்டவர் எழுந்து நின்று கும்பிட்டார். ஜெயந்தி மட்டும் மேஜைக்கு அடியில் ஒளிந்துகொள்ள இடம் தேடினாள்.

ஜெயந்தி எம்.எஸ்சி. முடித்து, சுரங்கப்பாதை தோண்டும் வேலைகளில் ஜியாலஜிஸ்ட் ஆனாள். தினமும் காலையில் உள்ளே போய், எந்தப் பாளம் நிற்கும், எது நிற்காது என்று அவள் பார்த்துச் சொன்ன பிறகுதான் ஆட்கள் போவார்கள். ஆனால் நான் ரம்யாவுக்காக எழுத நினைத்தது அடுத்த வருடம் நடந்ததைத்தான்.

ஏப்ரலில் ஒரு நாள் முனுசாமி துறைக்கே வந்தார். "மேடம், இந்த வருஷமும் வூடு வூடாப் போவீங்க இல்ல? நானும் வரட்டுமா?" என்று கேட்டார். தொழிற்சாலைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அன்றைக்கு நான் போகவேண்டியிருந்தது பிரேசர் டவுனில் ஷாஹீன் என்ற பெண்ணின் வீடு. அவள் அப்பா பேக்கரி வைத்திருந்தார். போன வாரமே முடியாது என்று என்னிடம் சொல்லி அனுப்பியவர். மறுபடி வந்துவிட்டாளே என்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் முனுசாமி முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

"பாய், நானும் பொண்ணப் பெத்தவன். அங்க குழி இருக்குது, வெயிலு இருக்குது. மேடம் அதெல்லாம் மறைக்க மாட்டாங்க. ஆனா நான் எறங்கிப் பாத்துட்டு வந்துட்டேன். என்னா வேணுமோ என்னைக் கேளுங்க."

பாய் கேட்டார். எங்கே தூங்குவார்கள், யார் சமைப்பார்கள், பெண்களோடு யார் இருப்பார்கள். "யாரு இருப்பாங்களா? எங்க வூட்டம்மா பையைக் கட்டி ரெண்டு நாளாச்சு, இன்னும் இவங்க எந்த ஊருன்னே சொல்லல" என்றார் முனுசாமி. எனக்கே அது புதுச் செய்தி. கடைசியில் பாய் கேட்டார், "சரிங்க, உங்க பொண்ணு போயிட்டு வந்துச்சே. அதுக்கு அப்புறம் வீட்டுல ஒண்ணும் தொந்தரவு இல்லையே?"

முனுசாமி விரலை மடக்கி எண்ணினார். "தொந்தரவு இல்லாம என்னா பாய்? ஜன்னல்ல கல்லு, டி.வி. மேல கல்லு, கட்டிலுக்குக் கீழ கல்லு. வூட்டப் பெருக்கவே முடியல. போதாததுக்கு எங்க போனாலும் நானும் இப்ப ஒண்ணு பொறுக்கிகினு வரேன்."

பாய் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்தவே இல்லை. சிரித்துக்கொண்டே உள்பக்கம் திரும்பி, "ஷாஹீன், பன் கொண்டா. அப்படியே ஷெல்ஃபுல ஒரு தட்டக் காலி பண்ணும்மா, கல்லு வரப்போகுது" என்றார்.